பீகர ஊட்டா

அத்தியாயம் பதினொன்று

குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணன் நாகேஷ் ஹைதராபாத்துக்கு ரயிலேறிவிட்டான் என்பதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

குண்டின் பெயர் ரக்ஷா. அவனுடைய கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவள். ஒரு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவள். அவளைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். சொல்லிவிட்டு மறுநாளே ஆபீஸ் வேலையென்று கிளம்பிப் போய்விட்டான். அம்மாவின் அழுகையையும் அப்பாவின் மௌனத்தையும் ஸ்ரீராம்புரத்து இரண்டு அறை வீட்டில் நான் தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சின்னப்பா கார்ப்பரேஷனில் மேஸ்திரி. அம்மா தனக்கோடி ஊதுவத்தி உருட்டும் வேலைக்குப் போகிறவள். ரக்ஷாவின் அப்பா சுப்ரமணியன், ஜெயநகரில் சொந்த வீடு, பொதுப்பணித்துறையில் என்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய தாத்தா மைசூர் ராஜா காலத்து உத்தியோகத்துக்காக பெங்களூர் வந்தவர். என் தாத்தா மில் வேலைக்காக வந்தவர். இரண்டு பேரும் தமிழ் பேசிக்கொண்டுதான் வந்திறங்கினார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தக் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரு வாசலில் நின்றதில்லை.

இரண்டாயிரமாவது வருஷத்து ஜனவரி அது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மளிகைக்கடை நஞ்சுண்டப்பாவின் நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருந்தோம். உங்களில் பலருக்கும் அந்த பி.பி. நம்பர் காலம் ஞாபகமிருக்கும். போன் வந்தால் அவர் பையனை அனுப்பிக் கூப்பிடுவார். பையன் இல்லாவிட்டால் சேதியை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் அந்தப் பக்கம் போகும்போது சொல்லுவார். தொண்ணூற்றொன்றில் காவேரிக் கலவரம் நடந்தபோது எங்களைக் கடைக்குள் தள்ளி ஷட்டரை இழுத்துவிட்டு, வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்ட மனுஷர். அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வரும்போது அவர் கடையிலிருந்து எட்டிக் கூப்பிட்டிருக்கிறார்.

"சின்னப்பா, நாகேஷ் போன் மாடித்தா. பானுவார மத்யான அவரெல்லா பர்த்தாரந்தே. பீகர ஊட்டா மாடபேக்கந்தே!"

நாகேஷ் போன் செய்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களெல்லாம் வருகிறார்கள், பீகர ஊட்டா செய்ய வேண்டுமாம்.

அப்பா தெருவிலேயே நின்றுவிட்டாராம்.

பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னடத்தில் பீகரு என்றால் சம்பந்தி. கல்யாணம் முடிந்த பிறகு சம்பந்திகளைக் கூப்பிட்டு, ஆடு அடித்து, ராகிக் களி உருண்டையும் கறிச் சாறுமாகப் போடுகிற விருந்துக்குத்தான் பீகர ஊட்டா என்று பெயர். அதாவது நஞ்சுண்டப்பா சொன்ன ஒரு வார்த்தைக்குள் இரண்டு சேதி இருந்தது. ஒன்று, கறி எடுக்க வேண்டும். இன்னொன்று, ஜெயநகர்க்காரர் எங்களைச் சம்பந்தி என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

"அவங்க வாயாலயே பீகருன்னு சொல்லிட்டாங்க தனம்," என்று அப்பா உள்ளே வந்து சொன்னதை, சாயங்காலக் காலேஜ் முடிந்து நேரம் கழித்து வந்த எனக்கு, மறுநாள் காலையில் அம்மா நடித்தே காட்டினாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றாராம்.

நான் எதையும் வரிசையாக வைத்துப் பார்க்கிற பழக்கமுள்ளவள். முதலில் பெண் பார்ப்பது, பிறகு தட்டு மாற்றுவது, பிறகு கல்யாணம், அதற்கும் பிறகுதான் பீகர ஊட்டா. இங்கே வரிசை தலைகீழாக இருந்தது.

"அண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமாப்பா?" என்றேன்.

"இன்னான்னு கேப்பே? நெசமாவே எங்களை மதிக்கிறாங்களான்னா? அசிங்கம்மா அது."

நான் அதோடு விட்டுவிட்டேன். பரீட்சையில் முதலில் எழுதிய சரியான விடையை அடித்துவிட்டு, தப்பானதை எழுதி வைக்கிற ஜாதி நான். என் சந்தேகத்தின் மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது. சாயங்காலம் காலேஜுக்குப் போய் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதும் அந்த வரிசைதான் மனதில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

இதற்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. பக்கத்து வீட்டு ஜோசஃபின் அக்கா தன் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு முன்னாடியே பீகர ஊட்டாவா? இன்னா அண்ணே, உங்க வூட்டுல மொதல்ல புள்ளைக்கு மொட்டையடிச்சிட்டு அப்பாலதான் தாலி கட்டுவீங்களா?" என்று சிரித்தாள்.

"பெரிய எடம்மா. அவங்களுக்குத் தோணினதைச் சொல்றாங்க," என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பனி விலகுவதற்குள் அப்பா பஸ் பிடித்து சிவாஜிநகர் போனார். எங்கள் தெருவிலேயே கறிக்கடை இருக்கிறது. ஆனால் சம்பந்திக்கு அது போதாதாம். ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் பாஷா பாய் கடையில் நின்று, தொடைக்கறியாகப் பார்த்து வாங்கி வந்தார்.

அவரைக்காய் சீசன் உச்சத்தில் இருந்தது; பச்சை மொச்சைக்கு பெங்களூரில் அதுதான் பெயர். தெருவில் எல்லா வாசலிலும் தோல் குவிந்து கிடந்தது. அந்தப் பச்சை வாசனை ஜனவரி பெங்களூருக்கு மட்டுமே உரியது. சனிக்கிழமை எங்கள் வீட்டிலும் அவரையை ஊறவைத்துப் பிதுக்கி, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்திருந்தோம். மிச்சம் ஒரு சட்டியில் இருந்தது.

"அந்தப் பழைய கொழம்பை உள்ளாற தள்ளி வெய்யி," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "வர்றவங்க கண்ணுல படக்கூடாது."

அம்மா கறிச் சாறு வைத்தாள். வறுவல் தனியாக. களிக்கு உலை. தயிர்ப் பச்சடி, நெய் ஊற்றிய சோறு, பால் பாயசம். ஊதுவத்தி வேலையில் அவள் விரல்களில் ஏறியிருந்த கறுப்பு, தேய்த்துத் தேய்த்தும் நகக்கண்ணில் மிச்சமிருந்தது. அதை மறைக்க மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் காலையில் ஹைதராபாத்திலிருந்து காச்சிகுடா ரயிலில் வந்திறங்கி, நேரே ஜெயநகர் போய், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். மாருதி கார் எங்கள் சந்துக்குள் நுழையாது. தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள்.

முன்னால் சுப்ரமணியன். வெள்ளை அரைக்கை சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாத பேண்ட். பின்னால் அவர் மனைவி அனந்தலக்ஷ்மி, ரக்ஷா, அண்ணன்.

நஞ்சுண்டப்பா கடையை விட்டு இறங்கி வந்து இரண்டு கையையும் கூப்பினார். "பரபேக்கு, பரபேக்கு பீகரே!" வரணும் வரணும் சம்பந்தி என்று வரவேற்கிறார்.

சுப்ரமணியன் நின்றுவிட்டார்.

"யாரு பீகரு?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணன் விழித்தான். "தெரியல அங்கிள். சும்மா மரியாதைக்குச் சொல்றாரு."

"இப்படியெல்லாமா மரியாதை?"

வாசலில் நின்றிருந்த எனக்கு அது காதில் விழுந்தது. உள்ளே கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்த அப்பாவுக்கு விழவில்லை.

*

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தாள். அனந்தலக்ஷ்மி வாங்கி மடக் மடக்கென்று குடித்தார். ரக்ஷாவும் குடித்தாள். சுப்ரமணியன் டம்ளரை வாங்கினார். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார்.

அம்மாவின் கண் அந்த டம்ளரை விட்டு நகரவில்லை.

பேச்சு வந்தது, போனது. நகரில் போக்குவரத்து, ரயில் லேட், ஜனவரிக் குளிர் இந்த வருஷம் குறைவு. பிறகு அப்பா எழுந்தார்.

"எலை போட்டுடலாங்களா சார்? எல்லாம் சூடா இருக்குது."

சுப்ரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா நெனைச்சுக்காதீங்க மிஸ்டர் சின்னப்பா. நாங்க இப்ப வீட்டுல எல்லாரும் வீகன். அதனால வெளியில எங்கயும் சாப்பிடறதில்ல."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "தெரியுங்க சார். பீகருதானே? அதுக்குத்தான் பீகர ஊட்டாவே!"

"பீகர் இல்லைங்க. வீகன்."

"அதாங்க சார், நானும் சொல்றேன்."

"வீ... கன்."

"ஆமாங்க சார். வந்துட்டீங்க. நாங்களும் ஒத்துக்கிட்டோம்."

அண்ணன் மெதுவாக எழுந்தான். "ப்பா, நஞ்சுண்டப்பா உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"நீ சொன்னதைத்தான் சொன்னாரு. பீகர ஊட்டா மாடுன்னு."

"நான் வீகன் ஊட்டான்னு சொன்னேன்ப்பா!"

அடுப்படியிலிருந்து கறிச் சாற்றின் வாசனை மட்டும் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

முதலில் அனந்தலக்ஷ்மிதான் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை.

"அது இன்னாடா வீகன்?" என்றார் அப்பா.

"ரக்ஷா பால், தயிர், நெய், கறி, முட்டை எதுவும் சாப்பிட மாட்டா. அதுக்குப் பேரு அது. எஸ்.டி.டி.ல அவ்ளோ பெரிய லிஸ்ட்டா சொல்ல முடியும்? ஒரே வார்த்தையில முடிஞ்சுடும்னு சொன்னேன்."

"முடிஞ்சுதுடா," என்றார் அப்பா.

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கறி எடுத்தது தப்பாகிப்போனது அவருக்கு வலிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கறியை நாங்கள் சாப்பிட்டுவிடுவோம். அந்த வார்த்தையின் இன்னொரு பாதிதான் வலித்தது. இந்த மனிதர் எங்களைப் பீகரு என்று சொல்லவே இல்லை. தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நாற்காலிகூட அதற்காகத்தான் கடன் வாங்கியிருக்கிறோம்.

அப்போதுதான் ரக்ஷா பேசினாள்.

"அப்பா, வீகன் நான். நீங்க எப்ப ஆனீங்க?"

"ரக்ஷா..."

"இல்ல, தெரிஞ்சுக்கறேன். போன சண்டே தலைக்கறி சாப்பிட்டுட்டு, வாசனை போக பீடா போட்டுட்டு வந்தது யாரு?"

"நான் ஒரு பொலைட்டா சொன்னேன்மா."

"என் பேரைச் சொல்லி ஏன் பொலைட்டா சொல்லணும்? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க." அவள் எழுந்தாள். "கிச்சன் எந்தப் பக்கம் வீணா?" என்று என் பக்கம் திரும்பினாள்.

எங்கள் வீட்டில் எந்தப் பக்கம் என்று கேட்கும் அளவுக்குப் பக்கங்கள் கிடையாது. இருந்தாலும் கையைக் காட்டினேன்.

*

அடுப்படியில் அம்மா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"ஆன்ட்டி, எனக்குப் பசிக்குது," என்றாள் ரக்ஷா.

அம்மா திரும்பினாள். "நீ எதுவும் துன்ன மாட்டியாமே."

"யாரு சொன்னது?"

"ஏம்மா, அது இன்னா, பத்தியமா? உடம்புக்கு எதனா சுகமில்லையா?"

"இல்ல ஆன்ட்டி."

"வெரதமா? சாமிக்கு வேண்டிக்கிட்டியா?"

"இல்ல."

"பின்ன?"

"அமெரிக்காவுல இந்த ஒரு வார்த்தை சொன்னா போதும் ஆன்ட்டி. மேல யாரும் கேக்க மாட்டாங்க. தட்டு வந்துடும். இங்க வந்து சைவம்னு சொன்னா தயிர்சாதம் வெக்கறாங்க. தயிர் வேண்டாம்னா ஜலதோஷமான்னு கேக்கறாங்க. வீகன்னு சொன்னா, ஏதோ மதம் மாறிட்டா மாதிரி பாக்கறாங்க. எங்கம்மா முதல் நாள் அழுதாங்க."

"கேக்காம எப்டிம்மா சோறு போடறது?" என்றாள் அம்மா. "கேட்டாதானே கைக்கு வேலை தெரியும். சொல்லு. பால் ஏன் வேணாம்?"

அவள் சொன்னாள். அமெரிக்காவில் ஒரு பால் பண்ணைக்குப் போய்ப் பார்த்ததை, பிறந்த கன்றைத் தாயிடமிருந்து பிரித்து இழுத்துப் போனதை, அந்தத் தாய்ப்பசு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டே இருந்ததை. சரியான தமிழ்ச் சொல் வராத இடங்களில் கையால் சொன்னாள். அம்மா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது சரி," என்றாள் கடைசியில். "புள்ளைய பிரிச்சா கத்தத்தான் செய்யும். ஆனா நான் டீயில பால் ஊத்தாம இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"நீங்க ஊத்திக்கோங்க ஆன்ட்டி." இருவரும் சிரித்தார்கள்.

ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கிப் பார்த்தோம். பாயசத்தில் பால். பச்சடியில் தயிர். சோற்றில் நெய். மற்றதெல்லாம் கறி. அம்மா கையைப் பிசைந்தாள். "இன்னாம்மா, ஒண்ணுமே இல்லியே. கொஞ்சம் இரு, ரசம் வெச்சிடறேன்."

ரக்ஷா மூலையைப் பார்த்தாள். "அது என்ன?"

"அது... அது நேத்து வெச்சது. எங்களுக்கு."

அவளே குனிந்து மூடியைத் திறந்துவிட்டாள். மஞ்சள் கலங்கிய குழம்பில் பிதுக்குப் பருப்பு தோலுரிந்து வழவழவென்று மிதந்தது. ஒரு இரவு ஊறியதில் வாசனை இன்னும் கனத்திருந்தது.

"ஐயோ, அவரைக்காய்! நான் அங்க இருந்தப்ப இதுக்காக ஏங்கியிருக்கேன். தாளிச்சது எண்ணெயிலயா, நெய்யிலயா?"

அம்மா என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "நெய்யாம்! கேட்டியா வீணா? எங்க வூட்டுக் கொழம்புக்கு நெய்யி!"

அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அப்பா அடுப்படி வாசலுக்கு வந்தார். சட்டியைப் பார்த்தார்.

"ஏய் தனம், அறிவிருக்கா உனக்கு? வந்த பொண்ணுக்குப் பழைய கொழம்பா போடறே?"

"அது கேக்குதுய்யா."

"கேட்டா? நாளைக்கு ஜெயநகர்ல போயி என்ன சொல்லும்? ஸ்ரீராம்புரத்துல களியும் பழைய கொழம்பும் போட்டாங்கன்னு சொல்லும். நான் காலங்காத்தால சிவாஜிநகருக்குப் போனது எதுக்கு?"

நான் தரையைப் பார்த்தேன். களியும் குழம்பும் எங்களுக்கு வேறு எதுவும் இல்லாத நாட்களின் சாப்பாடு. அதை மறைக்கத்தான் அவர் அவ்வளவு கறி எடுத்திருந்தார். இந்தப் பெண் அதையே கேட்டு வாங்குகிறாள். அவளுக்கு அது விருப்பம். அவருக்கு அது வேறு.

ரக்ஷாவுக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "களி எப்படி சாப்பிடணும்னு மறந்துடுச்சு அங்கிள். மெல்லக்கூடாது இல்ல?" என்றாள்.

அப்பா சிறிது நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, "மெல்லக்கூடாதும்மா. கொழம்புல புரட்டி அப்டியே முழுங்கணும்," என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

அனந்தலக்ஷ்மி எட்டிப் பார்த்தார். மகள் விழுங்கத் தெரியாமல் விழுங்குவதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு இலை போடுங்க. கறியோட. இவளுக்குப் பயந்து வீட்டுல ஆறு மாசமா சமைக்கலை."

"அவரு?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அவர் முடிவு பண்ணும்போது பண்ணட்டும். எனக்குப் பசிக்குது."

*

முன்னறையில் இரண்டு அப்பாக்களும் அண்ணனும் மட்டும். அண்ணன் சுவரோரமாக நின்றான். வந்தவர் சாப்பிடாமல் வீட்டுக்காரர் சாப்பிட முடியாது. ஆகவே அப்பாவும் பசியோடு உட்கார்ந்திருந்தார். நான் கதவருகே நின்றேன்.

நம் பக்கத்தில் உள்ள வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைப்பதில்லை. சுப்ரமணியன் இங்கே இலையில் உட்கார்ந்துவிட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஜன்னலில் தண்ணீர் டம்ளர் அப்படியே இருந்தது.

அப்பாதான் ஆரம்பித்தார். "சார், ஒண்ணு கேக்கலாமா?"

"சொல்லுங்க."

"இந்த வீகன், பீகன் எல்லாம் எனக்கு வேணாம். அது உங்க பொண்ணுக்கு. நீங்க உங்களுக்கு இன்னான்னு சொல்லுங்க. இந்த வூட்டுல கை நனைக்க இஷ்டமில்லியா? அப்டியே சொல்லிடுங்க. தமிழ்ல சொல்லிடுங்க. எனக்குப் புரியும்."

அண்ணன், "ப்பா..." என்றான்.

"நீ சும்மா இருடா. நீ ஒரு வார்த்தை சொல்லித்தான் இவ்ளோ தூரம் வந்து நிக்குது."

சுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"சரி," என்றார். "சொல்றேன். எனக்கு இன்னும் மனசு முடிவாகல. பையன் நல்லவன். அதுல குறை இல்ல. ஆனா எங்க ஆளுங்க நாலு பேர் நாலு கேள்வி கேப்பாங்க. என்ன பதில் சொல்றதுன்னு எனக்கே தெரியல. முடிவாகாம சாப்பிட எங்க வழக்கமில்ல. அதான் விஷயம்."

அப்பா தலையை ஆட்டினார். நான் நினைத்ததுபோல் அவர் முகம் சுருங்கவில்லை. நேராகச் சொன்ன ஒரு பேச்சைக் கேட்ட நிம்மதிதான் அதில் தெரிந்தது.

"இது புரியுதுங்க சார். இதை வந்ததும் சொல்லியிருந்தா நானே எலை போடச் சொல்லியிருக்க மாட்டேன்."

"எப்படிச் சொல்றது? வந்தவுடனே மூஞ்சியில அடிச்ச மாதிரி?"

"அதுவும் சரிதான்."

உள்ளேயிருந்து அனந்தலக்ஷ்மி, "எலும்பு இருந்தா ஒண்ணு போடுங்க," என்று கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. சுப்ரமணியன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கறி எங்க எடுத்தீங்க?"

"சிவாஜிநகருங்க. பாஷா பாய் கடை."

"ரஸ்ஸல் மார்க்கெட் பின்னாலயா? பச்சைக் கதவு?"

"அதேதான் சார்."

"எங்கப்பா அங்கதான் வாங்குவாரு. கன்டோன்மென்ட்ல இருந்தப்போ. ஞாயித்துக்கிழமை கூடவே போவேன். அப்ப பாஷாவோட அப்பா கடையில உக்காந்திருப்பாரு. ஈரலைத் தனியா எலையில கட்டி என் கையில குடுப்பாரு." அவர் நிறுத்தினார். அடுப்படியிலிருந்து வந்த வாசனையை மூக்கு நிறைய இழுத்தார். "சாத்துல கசகசா அரைச்சு விட்டிருக்காங்களா?"

"அது என் வூட்டுக்காரம்மா கை சார். அது இல்லாம வெக்காது."

சுப்ரமணியன் ஜன்னலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு, கணக்கில் ஏதோ ஒரு வழி கண்டுபிடித்தவரைப்போல, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கேரியர் இருக்கா?"

"இன்னாங்க சார்?"

"டிபன் கேரியர். இங்க சாப்பிடறதுதான் வழக்கமில்ல. எடுத்துட்டுப் போறதைப் பத்தி யாரும் எதுவும் சொன்னதில்ல."

அண்ணன் சுவரிலிருந்து முதுகை எடுத்துக்கொண்டான். அப்பா வீடே அதிரும்படி, "ஏய் தனம்! அந்தப் பெரிய கேரியரை எடு!" என்று கூப்பிட்டார்.

*

அம்மா அடுக்கை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து நிரப்பினாள். கீழே சாறு, அதன் மேல் வறுவல், அதன் மேல் களி. மேலடுக்கில் பிதுக்குப் பருப்பு. "இது உனக்கு ராத்திரிக்கு. கறியோட சேரக்கூடாது, கரண்டி வேற போட்டுக்கம்மா," என்று ரக்ஷாவிடம் தனியாகச் சொன்னாள். வீகன் என்ற வார்த்தையை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சுப்ரமணியன் கேரியரைத் தானே வாங்கிக்கொண்டார். அண்ணன் கை நீட்டியும் கொடுக்கவில்லை. கடன் வாங்கிய நாற்காலிகளைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சந்தில் அதைச் சிந்தாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

அண்ணனும் அவர்களைக் காரில் ஏற்றிவிடப் போன பிறகு அம்மா ஜன்னலிலிருந்த டம்ளரை எடுத்தாள். தண்ணீர் குறையவில்லை.

"கை நனைச்சாரா, நனைக்கலியா?" என்று கேட்டாள்.

"நனைக்கல," என்றார் அப்பா. "ஆனா வூட்டுக்குப் போயி நனைப்பாரு."

"அங்க போயி நனைச்சா அது கணக்குல சேருமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் படிக்கிறவள், எனக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். யோசித்துப் பார்த்தேன். சேரும் என்றும் தோன்றியது, சேராது என்றும் தோன்றியது. இரண்டையும் சொன்னால் திட்டு விழும் என்று எதையும் சொல்லவில்லை.

"கேரியரு திரும்பி வந்துதானே ஆவணும்," என்றாள் அம்மா. "காலியா வருதா, எதனா போட்டு வருதான்னு பாத்துக்கலாம். யாரு கையில குடுத்து அனுப்பறாங்கன்னும் பாக்கணும்."

வெளியே ஜோசஃபின் அக்கா நாற்காலிகளை எடுக்க வந்திருந்தாள். நஞ்சுண்டப்பாவும் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். எதிர்வீட்டுப் படியில் இன்னும் நாலைந்து பேர்.

"இன்னாண்ணே," என்று ஜோசஃபின் அக்கா குரல் கொடுத்தாள், "பீகர ஊட்டா முடிஞ்சுதா?"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருமுனையில் மாருதி கிளம்பும் சத்தம் கேட்டது.

"பாதி முடிஞ்சுதும்மா," என்றார். "மீதி பாதி ஜெயநகருக்குப் போயிருக்குது."